தவிடும் சவுக்காரமும்

என் அண்ணனைப் போல ஒரு கௌரவக்காரரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வருவதற்கு முன்னால் அவர் ஒரு வெள்ளைக்காரன் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட இங்கிலீஷில்தான் கேட்பார். அம்மாவுக்கும் எனக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் அந்தப் பாஷையில் அவருக்கு மிகவும் பிடித்த விஷயம். எங்களுக்குப் புரிந்து தொலைத்திருந்தால் அவருக்கு அதில் ருசியே இருந்திருக்காது.

ஜப்பான்காரன் வந்தான். அண்ணன் தன் இங்கிலீஷ் புத்தகங்களை ஒரே நாளில் கிணற்றடியில் குவித்துக் கொளுத்தினார். சில மாதங்களில் நிப்பொங்கோ படித்து, ஒரு துணி பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, உப்பை ஜப்பான் பாஷையில் கேட்க ஆரம்பித்தார். நாங்கள் முன்போலவே முழித்தோம். அவர் முன்போலவே தலையில் அடித்துக்கொண்டார். உப்பு மட்டும்தான் அதே உப்பு. கொஞ்ச நாளில் அதுவும் கிடைக்காமல் போனது.

படிப்பு மனிதனை உயர்த்தும் என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என்னை வயதுக்கு வந்ததும் தமிழ்ப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் எனக்கு உயரும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அண்ணன் உயர்ந்தார். எவ்வளவு உயரம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். அப்பா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா, அண்ணன், கல்யாணமாகாத நான், பிறகு அண்ணி. அண்ணி ரப்பர் தோட்டத்துப் பெண். அவள் அப்பா கங்காணி. தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவது அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல்தான். ஆனால் பெண்ணோடு வந்த நகை அந்தக் குறைச்சலைச் சரி செய்துவிட்டது. நகை எடை போடும் தராசில் கௌரவம் எந்தத் தட்டில் நிற்கும் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா அண்ணியைக் கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். "தவிட்டுக்கு வாங்கினவ." நம் ஆட்கள் குழந்தைகளைச் சும்மா கேலி செய்வார்கள் அல்லவா, 'உன்னைப் பெக்கல, தவிட்டுக்கு வாங்கினோம்' என்று? அண்ணி விஷயத்தில் அது கேலி இல்லை. அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டது. இவளாவது தங்கட்டும் என்று, பிறந்த கையோடு முறத்தில் போட்டுப் பக்கத்து லயத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டை அளந்து கொட்டி இவளைத் திருப்பி வாங்கியிருக்கிறாள் அவள் அம்மா. தவிட்டுக்குப் போன பண்டம் எமன் கண்ணுக்கு மதிப்பாகப் படாதாம். எமனையே ஏமாற்றிவிட்டார்களாம்! இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வாங்கின பிள்ளை ஆயுசுக்கும் தவிட்டை வாயில் வைக்கக்கூடாது. கொடுத்த விலையை வாங்கின பண்டமே தின்றுவிட்டால் வியாபாரம் செல்லாது. எமன் மறுபடியும் வாசலில் வந்து நிற்பான். அண்ணி இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜப்பான் காலத்துச் சாப்பாட்டைப் பற்றி இப்போது ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். காலையில் ஊபி, மத்தியானம் ஊபி, ராத்திரிக்கு ஊபி மாவில் தட்டின ரொட்டி. மரவள்ளிக் கிழங்கைத் தமிழில் சொன்னாலும் மலாயில் சொன்னாலும் அதே கிழங்குதான். ரேஷன் அரிசி எப்போதாவது வரும். சுண்ணாம்பு வாடையும் புழு வாடையும் அடிக்கும். அதை எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் தெரியுமா? தண்ணீர் தெளியும் வரைக்கும் கழுவுவார்கள். சோறு மல்லிகைப் பூப் போல வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். பழுப்புச் சோறு தின்பவன் கூலிக்காரன், வெள்ளைச் சோறு தின்பவன் கிராணி. அந்த அரிசியில் மிச்சம் மீதி இருந்த சத்தும் கழுநீரோடு சாக்கடைக்குப் போகும். சாக்கடை ஓரத்தில் முளைத்த கீரை மட்டும் அந்த வருஷம் தளதளவென்று இருந்தது.

அண்ணி உண்டானாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஐந்தாம் மாதம் தாண்டியதும் கால் வீங்க ஆரம்பித்தது.

"கால் வீங்குனா ஆம்பளப் புள்ளடி," என்றாள் அம்மா. எதிர் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். வீக்கம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடிப்பது ரவிக்கைக்கு மேலேயே தெரியும். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இதே மாதிரி கால் வீங்கி மார்க்கெட் ஓரமாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருந்தேன். சில நாள் கழித்துப் போனால் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எவரும் ஆம்பளைப் பிள்ளை உண்டாகியிருக்கவில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். "வாயக் கழுவு," என்றாள்.

நான் வாயைக் கழுவவில்லை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ் டாக்டர். கண்ணெல்லாம் தூக்கம், சட்டையெல்லாம் கறை. அண்ணியின் காலை ஒரே ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"பெரி பெரி. மருந்துன்னு கேட்டா எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. தவிடு சாப்பிடுங்க. வறுத்துத் தின்னுங்க, கரைச்சுக் குடிங்க, எப்படியாச்சும் உள்ள போகணும். இல்லேன்னா தாயும் நிக்காது, புள்ளயும் நிக்காது. புள்ள தப்பிப் பொறந்தாலும் பால்ல சத்து இருக்காது, கொரல் கம்மிப் போயி செத்துப் போகும். அடுத்த ஆள் வாங்க."

இது ரகசியமான சங்கதி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரிலேயே நான்கு பாஷையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன? தவிட்டை மாட்டுக்கு வைப்பார்கள், வாத்துக்கு வைப்பார்கள், பன்றிக்கு வைப்பார்கள். கிராணி பெண்டாட்டிக்கு வைப்பார்களா?

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அண்ணன் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னா நெனச்சிக்கிட்டான் அவன்? ஏ வீட்டுப் பொம்பளைக்கி மாட்டுத் தீனியா? தோட்டத்துக்காரன் தின்பான் தவிடு. நாளைக்கி ஆபீஸ்ல தெரிஞ்சா ஏ மரியாத என்னா ஆவுறது?"

"மரியாத செத்தா திரும்பி வரும்ணே. ஆளு செத்தா வருமா?"

"ஒனக்கு வாய் ஜாஸ்தியாயிருச்சு. ஊசி போட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

ஊசி! நம் ஆட்களுக்கு ஊசி என்றால் போதும். வாய் வழியாகப் போகிற எதுவும் வைத்தியம் இல்லை. வலித்தால்தான் வைத்தியம், பணம் போனால்தான் குணம். அண்ணன் தெங்கேராவிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். வெள்ளைக் கோட்டு, தோல் பை. "டோக்கியோ ஊசி" என்று ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கி விளக்கில் காட்டினார். எனக்கு அந்த முகம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. சண்டைக்கு முன்னால் படக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஆள். டிக்கெட் கிழித்த கையால் இப்போது தோலைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊசிக்காக அண்ணியின் கையிலிருந்த வளையல்கள் போயின. ஒவ்வொரு வாரமும் ஒரு ஊசி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வளையல். கை மூளியான பிறகு காது. காதுக்குப் பிறகு மூக்குத்தி. குப்பியில் இருந்தது தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கு அவமானம். நல்ல தண்ணீராக இருந்திருந்தால் ஊசி போட்ட இடம் அப்படிப் பழுத்திருக்காது. காலோடு நின்றிருந்த வீக்கம் கைக்கும் வந்தது. அண்ணன் ஊசிக்காரருக்குக் குனிந்து குனிந்து ஜப்பான் மரியாதை செய்து வாசல் வரை வழியனுப்பினார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும். எனக்கு உதட்டோரம் வெடித்துப் புண்ணாகி, மாலையானால் கெண்டைக்கால் கல்லாகக் கனக்கும். எதிர் வீட்டுக்காரி தடியூன்றி நடந்தாள். எல்லாருக்கும் ஒரே ஊபி, ஒரே வெள்ளைச் சோறு. அண்ணன் மட்டும் திடமாக, குதிரை மாதிரி நடந்து ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "அவன் ஒடம்பு வைரம்டி. அப்பன் ஒடம்பு," என்று அம்மா திருஷ்டி கழிப்பாள். நானும் ஒரு முட்டாள், இருக்கும் போலிருக்கிறது என்று நம்பினேன்.

ஒரு நாள் காலை அண்ணி அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம். மூச்சு மேலே போகிறது, கீழே இறங்க மறுக்கிறது. அம்மா ஒப்பாரிக்கு ராகம் தேட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாக்காச் செட்டி வீட்டு பிபிக்கைக் கூப்பிட்டு அண்ணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணனை அழைத்து வர நான் டவுனுக்கு ஓடினேன். அந்த வீட்டு அம்மாளை எல்லாரும் 'பிபிக்' என்றுதான் கூப்பிடுவோம், அத்தை மாதிரி. சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். வாத்து வளர்ப்பவள்.

அண்ணனின் ஆபீஸ் ஆற்றோரம் இருந்தது. வாசல் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிடு போட்டுவிட்டு, கேட்டருகே நின்ற மலாய்ப் பியூனிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினான். உள்ளே மைதானத்தில் காலைத் தேகப்பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. கிராணிகள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒரு ஜப்பான் சிப்பாய் தகர டின்னும் கரண்டியுமாக ஒவ்வொருவர் முன்னாலும் வந்தான். கிராணி வாயைத் திறக்க வேண்டும். அவன் ஒரு கரண்டி உள்ளே கொட்டுவான். கிராணி விழுங்கிவிட்டு, "ஹாய்!" என்று கத்தி இடுப்பு முறியக் குனிய வேண்டும்.

அண்ணனின் முறை வந்தது. என் அண்ணன், உப்பை மூன்று பாஷையில் கேட்கத் தெரிந்தவர், கண்ணை மூடிக் குஞ்சுப் பறவை மாதிரி வாயைப் பிளந்தார். கரண்டி உள்ளே போனது. "ஹாய்!" குனிந்து நிமிர்ந்தார். மீசையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சிப்பாய் அடுத்த ஆளுக்கு நகர்ந்ததும் அதை விரலால் வழித்து வாயில் போட்டுச் சப்பினார்.

"அப்பா இத்து?" என்று பியூனைக் கேட்டேன், அது என்ன என்று.

"தெடாக்," என்றான் அவன். தவிடு. "தியாப்-தியாப் ஹாரி." தினம் தினம்.

தினம் தினம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று பழமொழி கேட்டிருக்கிறேன். மீசையிலேயே கூழை ஒட்டிக்கொண்டு நின்றவரை அன்றுதான் பார்த்தேன். இவர் இங்கே காலையில் தவிட்டைத் தின்று வைரமாகி, வீட்டுக்கு வந்து 'மாட்டுத் தீனியா' என்று கையை உதறியிருக்கிறார். பெண்டாட்டி ஊதிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறார். மருந்து என்னவென்று தன் நாக்குக்கே தெரிந்திருந்தும், வாயைத் திறந்து சொன்னால் தான் தின்பது வெளியே தெரிந்துவிடும் என்று மூடிக்கொண்டிருக்கிறார். ஜப்பான்காரன் அறைந்தான் என்றால்கூட நான் பரிதாபப்பட்டிருப்பேன். இதற்கு எனக்குப் பரிதாபம் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

அண்ணன் திரும்பினார், என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப் போவதில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு என்னோடு வந்தார். வீட்டு வேலி வந்ததும் மெல்ல வாயைத் திறந்தார்.

"அது தவிடுன்னு சொல்லாத. எங்க ஜப்பான் தொர, டாக்சான் குடுக்கிற மருந்து அது. ஆர்டர்."

"சரிண்ணே, மருந்து. அந்த மருந்தத்தான் அண்ணிக்கும் குடுக்கப் போறேன். வேணாம்னு சொல்லுங்க, இப்பவே தெருவுல நின்னு 'ஹாய்'னு கத்திக் காட்டுறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணிக்கு மூச்சு சற்று இறங்கியிருந்தது. பிபிக் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தவிடு கேட்டதும் வேலியைத் தாண்டிப் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் கொண்டு வந்தாள். செங் கிராமத்துப் பக்கம் அவளுடைய சொந்தக்காரர்கள் நெல் குத்துவார்கள், வாத்துக்கு அங்கேயிருந்துதான் தவிடு வரும். நான் அதைச் சலித்து, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் தென்னஞ்சர்க்கரை போட்டுப் பிசைந்து அண்ணியின் வாய்க்குக் கொண்டு போனேன். ஆபீசில் அண்ணனைக் கண்ட கண்றாவியையும் சொன்னேன், அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டே. அண்ணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம் தங்கச்சி. நா திங்கக்கூடாது."

"ஏன்?"

"அது ஏ வெல."

தலையில் கை வைத்துக்கொண்டேன். கௌரவம் ஒரு பக்கம் ஒழிந்தது என்று பார்த்தால், எமன் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறான்! கெஞ்சினேன், திட்டினேன். "தின்னாட்டியும் சாவுதானே வருது, தின்னுட்டுச் சாவுங்களேன்" என்றுகூடச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "வயித்துல இருக்கறத எமன் கேப்பான் தங்கச்சி. என்னக் கேட்டாப் பரவால்ல." அவளுக்கு அது மூடநம்பிக்கை இல்லை. அவள் உயிரோடு இருப்பதற்கு இருந்த ஒரே கணக்கு அதுதான். அந்தக் கணக்கோடு பேசினால்தான் ஆகும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"சரி, வெலைய மாத்திட்டா?" என்றேன்.

"எப்படி?"

"ஒங்கள மறுபடி வித்து மறுபடி வாங்குவோம். வேற ஏதாச்சும் குடுத்து. அப்பறம் தவிடு ஒங்க வெல இல்ல. வெறும் தவிடு."

அண்ணி யோசித்தாள். நீர் கோத்த முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "விக்கிறது யாரு?"

"ஒங்கப்பா வீட்டுலேந்து ஒங்களக் கட்டிக்கிட்டு வந்தவரு. இப்ப அவருதானே சொந்தக்காரரு."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். இந்த இடத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும் என்ன செய்திருப்பான்? ஒரு குச்சிக் கிழங்கு கொடு, ஒரு கைப்பிடி மண் கொடு, வித்தேன், ஆளைக் காப்பாற்று என்றிருப்பான். நான் அடுப்படியிலிருந்து ஒரு ஊபிக் கிழங்கை எடுத்து நீட்டினேன்.

அண்ணன் அதை வாங்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாங்கியம்னா சாங்கியமாச் செய்யணும். ஏ பொண்டாட்டிக்கி ஊபி ஒரு வெலையா? நாலு பேருக்குத் தெரிஞ்சா?"

"அப்ப என்னா வேணும் ஒங்களுக்கு?"

அவர் கண் என் தகரப் பெட்டியின் பக்கம் போனது. அதற்குள் ஒரு வாசனைச் சவுக்காரம் வைத்திருந்தேன். சண்டைக்கு முன்னால் வந்த சரக்கு, காகிதம்கூடப் பிரிக்காதது. என் கல்யாணத்துக்கென்று ஒளித்து வைத்தது. ஊரே சாம்பலையும் தேங்காயெண்ணெய்க் கசண்டையும் தேய்த்துக் குளித்த காலம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வரும் அந்த வாசத்துக்காகவே நான் சில நாள் பெட்டியைத் திறப்பேன்.

"அந்தச் சவுக்காரத்தக் குடு," என்றார் என் அண்ணன். "ஞாயித்துக்கெழம டாக்சான் வீட்டுல விருந்து."

பெண்டாட்டி சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவிக்கிறாள். இவர் பேரம் பேசுகிறார். சீ என்று வந்தது எனக்கு. அதைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். அவர் காகிதத்தை லேசாகப் பிரித்து, மோந்து பார்த்தார். அசல் சரக்குதானா என்று பார்த்தாராம்!

முறத்தில் உட்கார அண்ணிக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் வீங்கிய பாதம் இரண்டையும் முறத்தில் வைத்தாள். பிபிக்கைச் சாட்சிக்கு நிறுத்தினோம். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கோயிலில் நிற்பது போலக் கை கூப்பி நின்றாள்.

"வித்தேன், வித்தேன், வித்தேன்," என்றார் அண்ணன், சவுக்காரத்தை விடாமல்.

"வாங்குனேன்," என்றேன். அண்ணியின் கையைப் பிடித்து முறத்திலிருந்து இறக்கினேன். அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். வறுத்த தவிட்டு வாசத்துக்கு நடுவே அந்தச் சவுக்கார வாசம் வந்துகொண்டே இருந்தது. அண்ணி என் கையிலிருந்த உருண்டையை வாங்கி, கண்ணை மூடாமல், மென்று, விழுங்கினாள்.

பிறகு தினமும் தின்றாள். உருண்டையாக, ஊபி ரொட்டியில் கலந்து, முருங்கைக்கீரையோடு கிளறி. பிபிக்கின் வாத்துகள் இளைத்தன. அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அண்ணி ராத்திரி பகலாக மூத்திரம் போனாள். வீக்கம் கையிலிருந்து இறங்கியது, முழங்காலிலிருந்து இறங்கியது. ஒரு நாள் கிணற்றடிக்குத் தானே நடந்து போய்க் குடத்தோடு திரும்பினாள். அம்மாவும் நானும் தின்றோம். அம்மா மட்டும் யாராவது வந்தால் தட்டை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

பிள்ளை பிறந்தது. ஆம்பளைப் பிள்ளை என்று கால் சொன்ன ஜோசியம் பொய்த்தது, பெண். டாக்டர் குரல் கம்மும் என்று பயமுறுத்தியிருந்தாரே, அதனால் அது அழும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். குரலா அது! பிபிக்கின் வாத்துகளே பயந்து மறுபக்கம் ஓடும். எனக்கு அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு அழுகை வந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். அண்ணன் பேட்ஜைக் கக்கூசில் போட்டார். வெள்ளைக்காரன் வந்த வாரமே உப்பு மறுபடி இங்கிலீஷில் கேட்கப்பட்டது. பழைய கம்பெனியில் சிங்கப்பூர் வேலை கிடைத்து, முதலில் தான் மட்டும் போனார். ஊருக்கு வரும்போதெல்லாம் காப்பிக்கடையில் உட்கார்ந்து, பெண்டாட்டியை 'டோக்கியோ ஊசி' போட்டுத் தான் காப்பாற்றிய கதையைச் சொல்வாராம். ஊசிக்காரர் மறுபடியும் கொட்டகை வாசலுக்குப் போய்விட்டிருந்தார். அந்தக் கதையை மறுக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தபோது, அண்ணன் வெள்ளைக் கால்சட்டையோடு வந்து இறங்கினார். அம்மா மூட்டை கட்டித் தயாராக இருந்தாள். நான் மிஷினில் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"கெளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சு. சிங்கப்பூர்ல வீடு பாத்தாச்சு," என்றார் அண்ணன்.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? வாங்குனவங்களக் கேளுங்க," என்றாள் அண்ணி.

"என்னா வாங்குனவங்க?"

"தங்கச்சிதான வாங்குனிச்சு. பிபிக் சாட்சி. சவுக்காரத்த மோந்து பாத்துட்டுத்தான வித்தீங்க?"

"பைத்தியமாடி ஒனக்கு? சரி, புள்ளையக் குடு. அது ஏ புள்ள."

"செனமாட்ட வித்தா கன்னுக்குட்டியும் வாங்குனவனுக்குத்தான். எங்க தோட்டத்துல மாடு மேய்க்கிறவனுக்குக்கூட அது தெரியும்."

"போடி போ, புருஷன் கூப்புட்டா..." என்று அம்மா ஆரம்பித்தாள். அண்ணன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. குரலை இறக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"அது வெளையாட்டுடி. சும்மா ஒன்னத் தின்ன வைக்கிறதுக்குச் செஞ்ச வெளையாட்டு."

அண்ணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அடுப்படியில் பார்த்த அதே பார்வை.

"வெளையாட்டுன்னா எங்கம்மா குடுத்த தவிடுதான் இன்னும் ஏ வெல. அத நா தெனம் தெனம் தின்னுருக்கேன். நா செத்துருக்கணுமே. புள்ளையும் செத்துருக்கணுமே. சாவலியே."

அண்ணன் வாயைத் திறந்தார். அந்த வாயில் எந்தப் பாஷையும் வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் என்னிடம் எதையாவது கேட்டு நின்றது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"நீ சொல்லு," என்றார்.

நான் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நா விக்கிறதா இல்லண்ணே," என்றேன்.